நிழல், வெயிலிலும் பேச்சிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிழலைப் பற்றிக் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. தஞ்சைக் கோபுரத்தின் நிழல் கீழே விழுமா என்று கேட்பவர்கள் ஒரு வகை. 'நிழல் உலகம்', 'திருவடி நிழல்' என்றெல்லாம் ஏன் சொல்கிறோம் என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் அறிவியல்காரரிடமும் இரண்டாம் வகையினர் தமிழாசிரியரிடமும் போவது வழக்கம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசலாம் என்பது என் கட்சி. பேச்சில் வரும் நிழல் ஒவ்வொன்றும் தரையில் விழுந்த ஏதோ ஒரு நிழலை யாரோ உற்றுப் பார்த்ததால் வந்தது. ஆகவே தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

நிழல் என்பது ஒரு பொருளா?

இல்லை. ஒளி வரும் வழியில் ஒன்று குறுக்கே நின்றால் அதற்குப் பின்னால் ஒளி குறைந்த பகுதி உண்டாகிறது. தரையிலோ சுவரிலோ நாம் பார்ப்பது அந்தப் பகுதி போய் முடியும் இடத்தை மட்டும்தான். பொருளுக்கும் தரைக்கும் நடுவே காற்றிலும் நிழல் இருக்கிறது. அடுப்புப் புகை நிறைந்த அறையில் காலை வெயில் நுழையும்போது சன்னல் கம்பிகளின் நிழல் பட்டை பட்டையாக அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நிழலின் ஓரம் ஏன் மங்கலாக இருக்கிறது?

சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டத் தட்டாகத் தெரிவதுதான் காரணம். தட்டு முழுவதும் மறையும் இடம் கருநிழல். தட்டின் ஒரு பகுதி மட்டும் மறையும் இடம் புறநிழல். புறநிழல்தான் அந்த மங்கலான ஓரம்.

இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 107, 108 என்று வரும். எந்தப் பொருளின் கருநிழலும் அந்தப் பொருளின் அகலத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு தூரம்வரைதான் நீளும்; அதற்கு அப்பால் கூராகி முடிந்துவிடும். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சிலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் கறுத்த கோடு விழும். தலைக்கு மேல் தூக்கினால் கருநிழல் தரைக்கு வராது. சாம்பல் கறை ஒன்று மட்டும் மிஞ்சும்.

தெருவில் இதைப் பார்க்க நல்ல இடம் மின்கம்பிக்குக் கீழே. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பியின் கருநிழல் ஒரு மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. கம்பியோ ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நண்பகலை ஒட்டித் தரையைப் பாருங்கள்: கம்பி இருக்கும் சுவடே சரியாகத் தெரியாது; அதில் உட்கார்ந்திருக்கும் காக்கை மட்டும் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் அமர்ந்திருப்பதுபோல் தார்ச்சாலையில் விழுந்திருக்கும்.

நிழல் கறுப்பு நிறமா?

வெயிலில் விழும் நிழலுக்குள் சூரியன்தான் வராது. வானத்தின் ஒளி வரும். வானம் நீலமாக இருப்பதால் நிழலிலும் இலேசான நீலம் இருக்கும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியின்மேல் விழும் நிழலில் இதைக் காணலாம்.

நிலவில் காற்று இல்லை, பகலிலும் வானம் கறுப்பு. அதனால் நிழலும் இங்குள்ளதைவிட அடர்த்தி. நிலவின் துருவங்களுக்கு அருகே சூரிய ஒளி என்றுமே எட்டாத பள்ளங்கள் இருக்கின்றன. அந்த நிரந்தர நிழலில் பனிக்கட்டி இருப்பதற்கான சான்று, 2008இல் போன சந்திரயான்-1 விண்கலத்தில் இருந்த ஒரு கருவியின் பதிவுகளிலிருந்து கிடைத்தது.

கிரகணமும் நிழல்தானே?

நிழலேதான். சூரிய கிரகணத்தில் நிலவின் நிழல் நம்மேல் விழுகிறது. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் நிலவின்மேல் விழுகிறது. கிபி 499இல் எழுதிய ஆரியபட்டர் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

மேலே சொன்ன 108ஐ இங்கே கொண்டுவாருங்கள். நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். 108ஆல் பெருக்கினால் அதன் கருநிழலின் நீளம் சுமார் மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர். நிலவின் சராசரித் தூரமோ 3.84 லட்சம் கிலோமீட்டர். நிழலின் நுனி பூமியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. நிலவு சற்றுப் பக்கத்தில் இருக்கும்போது நுனி தரையைத் தொட்டு முழு கிரகணம் ஆகிறது. தள்ளி இருக்கும்போது நுனி அந்தரத்திலேயே முடிந்து, சூரியனின் ஓரம் வளையமாக மிஞ்சுகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கத்து மக்கள் பார்த்தது அந்த வளையத்தைத்தான். அன்று வானத்தை அண்ணாந்து பார்க்க அஞ்சியவர்கள் மரத்தடியைப் பார்த்திருக்கலாம். இலை இடுக்குகளில் புகுந்து விழும் ஒளி வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள். கிரகணத்தின்போது அவை பிறைகளாக மாறித் தரையெங்கும் சிதறிக் கிடக்கும்.

சோதிடத்தில் ராகுவையும் கேதுவையும் நிழல் கிரகங்கள் என்பார்கள். நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. உடல் இல்லாத, ஆனால் கிரகணத்துக்கு இடம் காட்டுகிற புள்ளிகளுக்கு இப்படிப் பெயர் வைத்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரகண நிழல் பட்டால் கர்ப்பிணிக்கு ஆகாது என்பதற்கு மட்டும் ஓர் ஆதாரமும் இல்லை. வெறும் கண்ணால் சூரியனைப் பார்ப்பது கெடுதல், அது எல்லோருக்கும்தான்.

நண்பகலில் நிழல் காலடியில் விழுமா?

ஆண்டில் இரண்டே நாள். நிழலில்லா நாள் என்பது அதைத்தான். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டும் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டி, மதுரையில் ஏப்ரல் 16ஐ ஒட்டி, சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி. பிறகு ஆகஸ்ட் மத்தியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் அதே ஊர்களில், இம்முறை வடக்கிலிருந்து தெற்காக. தில்லிக்காரருக்கு இந்த அனுபவம் என்றுமே கிடைக்காது. நேரமும் சரியாக 12 மணி இல்லை; சென்னையில் சில நிமிடம் தள்ளி, கன்னியாகுமரியில் ஏறக்குறைய 20 நிமிடம் தள்ளி.

தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நீளமாக விழுவதை அங்கே போகிற எவரும் பார்க்கலாம். நிழலில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்பவர்களும் உண்டு.

நண்பகலுக்கு வருவோம். 1010இல் முடிந்த இந்த விமானம் (கருவறைக்கு மேல் எழுவதால் விமானம், கோபுரம் வாசலுக்கு மேல் எழுவது) சுமார் 60 மீட்டர் உயரம். அடி ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர். மேலே போகப் போகக் குறுகுகிறது. ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சையில் சூரியன் உச்சிக்கு வருகிறது. அந்த வாரங்களின் நண்பகலில் மேல்தளங்களின் நிழல் கீழ்த்தளங்களின்மேலேயே விழுந்துவிடும். கதைக்கு விதை இதுவாக இருக்கலாம். டிசம்பர் மாதம் கணக்கு வேறு. அப்போது நண்பகலிலும் சூரியன் 56 பாகை உயரம்தான் ஏறும். உச்சியின் நிழல் வடக்கே 40 மீட்டர்வரை போகும். அடித்தளத்தின் பாதி அகலம் 15 மீட்டர். மிச்சம் தரையில்தான் விழ வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் இராசராசனுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்பதில்லை. அவ்வளவு கல்லை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியதே போதும்.

நிழலைப் பார்த்து நேரம் சொல்ல முடியுமா?

முடியும், அதற்கு ஒரு பாட்டே இருக்கிறது: "காட்டுத் துரும்பெடுத்துக் கண்டம் பதினாறாக்கி, நீட்டிக் கிடந்தது போக நின்றது நாழிகை." பதினாறு விரற்கடை (விரல் அகலம்) நீளத்துக்கு ஒரு துரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மடித்து ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி, மறு பகுதியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை மாற்றிக்கொண்டே போங்கள். நிற்பது எத்தனை விரற்கடையோ, விடிந்து அத்தனை நாழிகை. பிற்பகலானால், பொழுது சாய அத்தனை நாழிகை பாக்கி.

சரிபார்ப்போம். சூரியன் பாதி உயரத்தில் இருக்கும்போது நிற்பதும் எட்டு, கிடப்பதும் எட்டு. ஒரு நாழிகை 24 நிமிடம். எட்டு நாழிகை 3 மணி 12 நிமிடம். ஆறு மணிக்கு விடிந்திருந்தால் இப்போது 9.12. கடிகாரம் 9 மணியை ஒட்டிக் காட்டும். காலையின் தொடக்கத்திலும் உச்சியை ஒட்டியும் அரை மணிவரை பிசகலாம். வண்டி மாட்டை அவிழ்த்துவிடும் நேரம் தெரிந்துகொள்ள இது போதாதா?

துல்லியம் வேண்டுமென்றால் நிழலைப் பெரிதாக்க வேண்டும். செய்ப்பூர் ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய சூரியக் கடிகாரத்தில் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. கண்முன்னே ஊர்வது தெரியும்.

மரநிழல் மட்டும் ஏன் அவ்வளவு குளிர்ச்சி?

தகரக் கொட்டகையும் வெயிலை மறைக்கிறது. ஆனால் தகரம் தானே காய்ந்து அந்தச் சூட்டை உங்கள் தலைமேல் இறக்குகிறது. இலைகள் வேரிலிருந்து வந்த நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. ஓர் இலைக்குத் தப்பிய வெயிலை அடுத்த இலை வாங்கிக்கொள்கிறது. காற்றும் தடைபடுவதில்லை. புங்கை, வேம்பு, ஆல் ஆகியவற்றின் நிழலைத் தேடி வழிப்போக்கர் ஒதுங்கியது வீண் வழக்கம் இல்லை. பனைமரத்தடியில் யாரும் ஒதுங்கியதாகத் தெரியவில்லை.

வானிலை அறிக்கையில் 40 டிகிரி என்றால் வெயிலிலா நிழலிலா என்றும் கேட்கிறார்கள். நிழலில்தான். காற்றுப் புகும் வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து நான்கு அடிக்கு மேல், வெயில் படாமல் வைத்த வெப்பமானி சொல்வது அது. வெயிலில் நிற்பவர் உடல் உணர்வது அதற்கும் மேல்.

'நிழல்' என்றால் பாதுகாப்பு என்ற பொருள் எப்படி வந்தது?

ஒருமுறை சித்திரை மாதம் நடந்து பார்த்தவருக்கு இந்தக் கேள்வி எழாது. "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்ற பழமொழி அதைத்தான் சொல்கிறது. நிழல் இங்கே கிடைத்தற்கரிய பண்டம். அதைத் தருகிறவர் பெரியவர். அரசனின் வெண்கொற்றக்குடை மழைக்குப் பிடித்த குடை இல்லை. அதன் நிழலில் குடிமக்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்பது பாவனை. பிற அரசர்களின் குடைநிழல் பலவற்றையும் தம் அரசனின் குடைக்கீழ்க் கொண்டுவருபவர்கள், கதிர்களின் நிழலை உடைய உழவர்கள் என்று வள்ளுவர் ஒரு படி மேலே போகிறார்: "பலகுடை நீழலும் தங்குடைக்கீழ்க் காண்பர் அலகுடை நீழ லவர்." முழங்கால் உயர நெற்பயிரின் நிழலைக் கொற்றக்குடைக்கு மேல் வைத்த துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

அரசனிடமிருந்து இறைவனுக்கு. வீணையும் மாலை நிலவும் தென்றலும் இளவேனிலும் வண்டு மொய்க்கும் பொய்கையும் போன்றது "ஈசன் எந்தை இணையடி நீழலே" என்று அப்பர் பாடினார். இன்றைக்கும் இரங்கல் சுவரொட்டியில் 'இறைவன் திருவடி நிழலை அடைந்தார்' என்று அச்சிடுகிறோம்.

பெரிய மனிதர் எல்லோரும் நிழல் தருவார்களா? அதற்கு வெற்றிவேற்கை என்ற நீதிநூல் விதைகளை வைத்துப் பதில் சொல்கிறது. பனையின் விதை பெரிது. முளைத்து வானளாவ வளர்ந்தாலும் ஒருவர் இருக்க நிழல் ஆகாது. ஆலின் விதை சின்ன மீனின் முட்டையைவிட நுண்ணியது. வளர்ந்தால் யானை, தேர், குதிரை, காலாள் படையோடு மன்னர் தங்க நிழல் ஆகும்.

என்னைக் கேட்டால், நிழலைப் பற்றித் தமிழில் உள்ள மிகச் சிறந்த காட்சி கலித்தொகையின் பதினோராம் பாட்டில் இருக்கிறது. பொருள் தேடிப் பாலை வழியில் போகும் தலைவன் அங்கே என்னவெல்லாம் உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறான். தலைவி தோழியிடம் அதை நினைவுகூர்கிறாள்: "இன்னிழல் இன்மையான் வருந்திய மடப்பிணைக்குத் தன்னிழலைக் கொடுத்தளிக்கும் கலையெனவும் உரைத்தனரே." மரம் எல்லாம் காய்ந்த காட்டில் நிழல் இல்லாமல் தவிக்கும் பெண்மானுக்கு, ஆண்மான் வெயிலில் நின்று தன் உடல் நிழலைத் தருகிறது. இதைப் பார்த்தவன் திரும்பி வராமல் இருப்பானா என்பது அவள் துணிபு. உச்சி வேளையில் ஒரு மானின் நிழல் எவ்வளவு இருக்கும்? வயிற்றுக்குக் கீழே ஒரு முழ அகலப் பட்டை. இன்னொரு மான் முழுதாக அதில் அடங்காது. தலையை மட்டும் வைக்கலாம். அந்தக் கணக்கும் சேர்ந்ததால்தான் அந்த வரி நெஞ்சைத் தொடுகிறது.

பயணியர் நிழற்குடையில் நிழலே இல்லையே?

நல்ல கேள்வி. நிழற்குடை கட்டுபவர்கள் கூரை இருந்தால் நிழல் இருக்கும் என்று நம்புகிறார்கள். மேற்கு நோக்கித் திறந்த நிழற்குடையில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். 3 மீட்டர் உயரக் கூரையின் நிழல் அப்போது கிழக்கே 5 மீட்டர் தள்ளி, நிழற்குடைக்குப் பின்னால் சாக்கடைமேல் விழும். இருக்கையில் முழு வெயில். அதனால்தான் ஆட்கள் முதுகுப்புறம் நிற்கிறார்கள், அல்லது விளக்குக் கம்பத்தின் ஒல்லியான நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசைகட்டி நிற்கிறார்கள். யாருடைய தொகுதி நிதியில் கட்டியது என்ற பெயர்ப் பலகையை இறக்கி மேற்குப் பக்கம் மாட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒருவர் நிழலில் வாழ்வது நல்லதா?

வரப்போரம் மரம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். மரநிழல் விழும் இடத்தில் நெல் சோம்பி நிற்கும், கதிர் சரியாகப் பிடிக்காது. அதற்காகக் கிளை கழிப்பார்கள். பக்கத்து வயல்காரர் மரமாக இருந்தால் பஞ்சாயத்து வரைக்கும் போகும். 'அப்பாவின் நிழலிலேயே இருந்துவிட்டான்' என்று சொல்லும்போது அந்த வயல்தான் பேசுகிறது. களைத்தவனுக்கு நிழல் நல்லது, வளர வேண்டியவனுக்கு ஆகாது. "நிழல்நீரும் இன்னாத இன்னா" என்று குறளும் எச்சரிக்கிறது. நிழலும் நீரும் கூட நோய் தருவனவாக இருந்தால் தீயவையே.

'நிழல் போலத் தொடர்வது' பாராட்டா, பழியா?

யார் தொடர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நண்பன் தொடர்ந்தால் பாராட்டு. கடன்காரன் தொடர்ந்தால் வேறு. வினை தொடர்ந்தால் குறள் 208: "தீயவை செய்தார் கெடுதல் நிழல்தன்னை வீயாது அடிஉறைந் தற்று." நிழல் தன் ஆளைவிட்டு நீங்காமல் காலடியிலேயே தங்குவதுபோல் தீயவன் கேடும் தங்கும். 'அடி உறைந்து' என்ற சொற்களைக் கவனியுங்கள். மாலையில் நிழல் எவ்வளவு நீண்டு எவ்வளவு தள்ளிப் போனாலும் அதன் ஒரு முனை குதிகாலில் ஒட்டியே இருக்கும். குதித்தால் ஒரு நொடி பிரியும், அவ்வளவுதான்.

நிழல் என்றால் பொய் என்றும் பொருள் உண்டா?

உண்டு. 'நிழலை நம்பி நிஜத்தை விட்டான்' என்கிறோம். பழந்தமிழில் கண்ணாடியிலும் நீரிலும் தெரியும் பிம்பத்துக்கும் நிழல் என்றே பெயர். கண்ணாடியைச் சங்கப் பாட்டு 'நிழல் காண் மண்டிலம்' என்கிறது. 'நிழற்படம்' அந்த வழியில் வந்ததுதான். பழைய நினைவு கண்முன் நிழலாடுவதும், முகத்தில் கவலை நிழலாடுவதும் இதன் கிளைகள்.

பேய்க்கு நிழல் கிடையாதா?

பேயை விடுங்கள், தேவர்களுக்கே கிடையாது என்பது மகாபாரதத்தில் வரும் நளன் கதை. சுயம்வரத்தில் நளன் உருவில் நான்கு தேவர்கள் வந்து உட்கார்ந்தபோது, உண்மை நளனைத் தமயந்தி கண்டுபிடித்த அடையாளங்களில் ஒன்று அவனுக்கு நிழல் இருந்தது. புகழேந்தியின் நளவெண்பா இமைக்கும் கண்ணையும் நிலத்தில் தோயும் அடியையும் வாடும் மாலையையும் சொல்லிவிட்டு நிழலை விட்டுவிடுகிறது. எனக்கு இதில் சிறிய ஏமாற்றம் உண்டு. மனிதனுக்கு அடையாளம் நிழல் என்பது எவ்வளவு நல்ல யோசனை!

கம்பராமாயணத்தில் கடலைத் தாண்டும் அனுமனை அங்காரதாரை என்ற அரக்கி மறிப்பதும் இங்கே சேரும். நிழலைப் பற்றி இழுத்தே ஆளைப் பிடிப்பவள் அவள்.

நிழல் பட்டால் தீட்டு என்று உண்மையிலேயே நினைத்தார்களா?

நினைத்தார்கள், சட்டம்போல நடத்தினார்கள். பேஷ்வாக்கள் ஆண்ட மராட்டியப் பகுதியில், இந்து ஒருவர் வரும்போது தீண்டப்படாதவர் பொதுத்தெருவில் நடக்கக் கூடாது, நிழல் பட்டுத் தீட்டாகும் என்பதற்காக. 1936இல் வெளியிட்ட தம் சாதி ஒழிப்பு உரையில் அம்பேத்கர் இதைக் குறிப்பிடுகிறார். மகர், மாங் சாதியினர் பிற்பகல் 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் புனே நகர வாசலுக்குள் இருக்கக் கூடாது என்ற விதியைச் சமூகவியலாளர் குர்யே பதிவு செய்திருக்கிறார். ஏன் அந்த நேரம்? அப்போது நிழல் நீளம். துரும்பை மடித்து நாழிகை பார்த்த அதே அறிவு இங்கே ஆளை ஊருக்கு வெளியே நிறுத்தப் பயன்பட்டிருக்கிறது. நிழலைப் பற்றிப் பேசும்போது மான் நிழலை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது நேர்மை ஆகாது.

'நிழல் உலகம்', 'நிழல் அமைச்சரவை', 'நிழல் யுத்தம்' எல்லாம் ஒரே நிழலா?

இவை செய்தித்தாளில் வளர்ந்த நிழல்கள். குளிர்ச்சிக்கு இங்கே வேலை இல்லை. நிழல் உலகத்தில் இருட்டு முக்கியம், கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. 'நிழல் உலக தாதா' என்ற தொடர் மும்பைச் செய்திகளோடு வந்து தங்கிவிட்டது. நிழல் யுத்தத்தில் ஏவுபவர் ஒருவர், அடிப்பவர் இன்னொருவர். நிழல் அமைச்சரவையில் ஒளிவுமறைவே கிடையாது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி ஒவ்வொரு துறைக்கும் ஓர் உறுப்பினரை நியமித்து, அந்தந்த அமைச்சரைத் தொடர்ந்து கேள்வி கேட்க வைக்கிறது. அது காலடியில் ஒட்டும் நிழல். பாட்டாளி மக்கள் கட்சி வெளியிடும் நிழல் நிதிநிலை அறிக்கையில் அரசின் அறிக்கைக்கு மாற்று ஒன்று அதே வடிவில் வருகிறது; இது பிம்பம் என்ற பழைய பொருளுக்குப் பக்கம்.

உளவியலில் கார்ல் யுங் (1875–1961) சொன்ன நிழல் தனி. நம்மிடம் இருப்பதாக நாமே ஒப்புக்கொள்ள விரும்பாத குணங்களின் தொகுதி அது. அடுத்தவரிடம் நமக்குப் பொறுக்க முடியாமல் போவது பெரும்பாலும் அதுவாக இருக்கும் என்பது அவர் கருத்து.

நிழலை வைத்துக் கதை சொல்லும் கலை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, மெலிந்துபோய். கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென்மாவட்டங்களிலும் தோல்பாவைக்கூத்து நடத்துபவர்கள் மண்டிகர்கள். வீட்டில் மராத்தி பேசுவார்கள், திரைக்குப் பின்னால் தமிழ். ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி, துளையிட்டு, சாயம் தீட்டிய பாவைகள். அதனால் திரையில் விழும் நிழலில் நிறம் இருக்கும். சிவப்பு நிழல், பச்சை நிழல். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் 21 விளக்கு ஏற்றி, கம்பன் பாட்டைச் சொல்லி நடத்துகிறார்கள்.

திரையோடு ஒட்டிப் பிடித்த பாவையின் ஓரம் கூர்மையாக விழும். விளக்கை நோக்கிப் பின்னால் இழுத்தால் உருவம் பெருத்து ஓரம் கலங்கும். கைதேர்ந்தவர் பாவையைச் சட்டென்று பின்னிழுத்தே ஆளை மறைத்துவிடுவார். புறநிழலைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதெல்லாம் அந்த ஒரு கையசைவில் இருக்கிறது.

நிழலில்லா நாளை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

மொட்டைமாடியில் சமதளமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செங்குத்தான உருளை வடிவ டப்பா ஒன்று போதும். சாய்ந்த டம்ளர் உதவாது. வாய் அகன்றிருந்தால் அதன் நிழலே குழப்பும். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் முனையைச் சுண்ணாம்புக் கட்டியால் குறியுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி டப்பாவுக்கு அடியில் ஒளிந்து, பிறகு எதிர்ப்பக்கம் எட்டிப் பார்க்கும். உங்கள் ஊருக்குரிய நாளுக்கு ஒரு நாள் முன்போ பின்போ பார்த்தாலும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே மேகம் போட்டால் மறுநாள் செய்துகொள்ளலாம். செருப்பு போட்டுக்கொண்டு மாடி ஏறுங்கள்.